எம்.ஏ.வுக்கு மேலே ஒரு எம்

அம்மாவிடம் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது, நான் சொல்லாத ஒன்று. அதைச் சொன்னதும் அம்மாதான், ஊரெல்லாம் பரப்பியதும் அம்மாதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

கேம்பஸில் நான் மல்யுத்தக்காரி. பி.ஏ. படிக்கப் போன இடத்தில் முதல் வருடமே டீமில் சேர்ந்துவிட்டேன். லுணுகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறி இறங்கிய கால்கள் என்னுடையவை. டவுன் பிள்ளைகளால் அந்தக் கால்களை அசைக்க முடியவில்லை. பி.ஏ. கெடாதவரை அம்மாவுக்கும் ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு தடவை, பதுளையில் நடந்த போட்டிக்கு வந்து பார்த்தாள். ஒரே ஒரு சட்டத்தைத்தான் புரிந்துகொண்டாள்: முதுகு விரிப்பில் பட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு போனில் எப்போது பேசினாலும், "சாப்பிட்டியா?" என்பதற்கு அடுத்த கேள்வி, "முதுகு பட்டுச்சா?"

பட்டம் வாங்கிய கையோடு கொழும்பிலிருந்து ஒரு கோச் கூப்பிட்டார். சிங்களவர், நல்ல மனிதர், முகத்தில் மூக்கு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. குத்து, உதை, பூட்டு எல்லாம் கலந்து கூண்டுக்குள் போடுகிற 'மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ்' சண்டைக்கு ஆள் பழக்குபவர். அதையே தொழிலாகச் செய்யலாம், வா என்றார். எனக்கு அன்றைக்கே கை பரபரத்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். அம்மா ஒரு வார்த்தை 'வேணாம்'னு சொல்லிவிட்டால் நான் போகமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

"கொழும்புல என்னாடி பண்ணப் போற?"

"எம்.எம்.ஏ.ம்மா."

அம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "பி.ஏ., எம்.ஏ... எம்.எம்.ஏ.வா? எம்.ஏ.வுக்கு மேலயும் ஒரு எம் இருக்கா?"

"இருக்கும்மா" என்றேன். இருக்கத்தானே செய்கிறது!

மறுநாள் விடியற்காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் விஷயம் வெடித்தது. கங்காணி கைகொடுத்தாராம். நாலாம் நம்பர் மலை முழுக்க அன்று கொழுந்தைவிட என் பேச்சுதான் அதிகம் கிள்ளப்பட்டது. நான் பஸ் ஏறும் நாளில் கோயில் முன்னால் ஒரு பேனர் தொங்கியது. 'எம்.எம்.ஏ. பட்டம் பெறச் செல்லும் எங்கள் தோட்டத்துப் புதல்வியை வாழ்த்துகிறோம்'. மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில், ஆளுயரத்தில். தோட்டத்து இளவட்டங்களுக்கு உண்மை தெரியாதா என்று கேட்காதீர்கள். பேனர் அடித்ததே அவனுகள்தான். கட்டும்போது ஒருத்தன் சிரிப்பு தாங்காமல் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

கொழும்பில் முதல் சண்டை. மல்யுத்தக்காரிக்கு உடம்பிலேயே ஊறிய பயம் ஒன்று உண்டு: முதுகு படக்கூடாது. எதிராளி என்னை மல்லாத்தினாள். நான் யோசிக்கவே இல்லை, சட்டென்று குப்புறத் திரும்பிவிட்டேன். மல்யுத்தத்தில் அது கெட்டிக்காரத்தனம். கூண்டுக்குள் அது கழுத்தை நீட்டிக் கொடுப்பது. பின்னாலிருந்து கை வந்து கழுத்தைச் சுற்றியது. அந்த நேரத்தில் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், நடுவர் பிரித்துவிடுவார். எனக்குத் தட்டிப் பழக்கமில்லை. அப்படியே மயங்கிப் போனேன்.

அன்று சாயங்காலம் அம்மாவின் போன். முக்கியமான நாள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன், அதைப் பரீட்சை ஆக்கியது அவள்தான்.

"பரீட்சை என்னா ஆச்சு?"

"பெயில்மா."

"அடக் கடவுளே! எதுலடி?"

"கழுத்துல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது கஷ்டமான பாடமாத்தான் இருக்கும். மறுபடி எழுதலாமில்ல?"

"எழுதலாம்மா."

இரண்டாவது சண்டை பதுளையில் என்று முடிவானது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். வழியில் பசறை பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சாமான் வாங்கப் போன அம்மா, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணில் பட்டது நாலே நாலு: மகளின் முகம், பேனரில் பார்த்துப் பழகிய அந்த மூன்று எழுத்து, பதுளை, தேதி. பஸ் வளைவில் திரும்பிவிட்டது. அம்மா லயத்து வீடுகளுக்குப் போய் இறங்கியதும் அறிவித்துவிட்டாள், மகளுக்குப் பட்டமளிப்பு விழா என்று!

அதனால்தான் அன்று பிற்பகல் நான் கூண்டுக்குள் நுழைந்தபோது முன்வரிசையில் ஒரு வேன் நிறையப் பெண்கள் பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா, மடியில் ரோஜா மாலை. நான் அரைக்கால் சட்டையில் நின்றேன். அம்மா என் காலைப் பார்த்தாள், கூண்டுக் கம்பியைப் பார்த்தாள், எதிரே குதித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். 'போதும், இறங்கி வா' என்று அவள் சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்தது. எதிராளியைப் பார்த்து எனக்கு ஒரு பயமும் இல்லை. அம்மாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை.

மணி அடித்தது. இரண்டு நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் என் கால் இடறியது, தொப்பென்று மல்லாந்து விழுந்தேன், எதிராளி என் மேலே. உடனே அம்மாவின் வாய் திறந்தது.

"திரும்புடி! முதுகு பட்டுருச்சு, திரும்பு!"

வேன் முழுக்கச் சேர்ந்து கத்தியது. "திரும்பு புள்ள! திரும்பு!"

இந்தப் பக்கம் கோச் சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்தினார், திரும்பாதே என்று. பிறந்ததிலிருந்து அம்மாவின் குரலுக்குத் திரும்பிய உடம்பு இது. இடுப்பு பாதி திரும்பியும் விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். மல்லாந்தபடியே கால்களைத் தூக்கி அவள் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டினேன். மலையேறிய கால்கள், விடுமா? அவள் இரண்டு நொடி பார்த்தாள், பிறகு என் தொடையில் தட்டினாள்.

நடுவர் என் கையைத் தூக்கும்போது அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். முதுகு பட்டுவிட்டதல்லவா, அவள் கணக்கில் நான் தோற்றவள். கை தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். கூண்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"பாஸா?"

"பாஸ்மா. கழுத்துலதான்."

மாலையைப் போட்டாள். வேர்வையில் ரோஜா இதழெல்லாம் என் மேல் ஒட்டிக்கொண்டது.

திரும்பும்போது நானும் அதே வேனில்தான் வந்தேன். பசறையும் தாண்டியது. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் மதினி, பட்டம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க. அங்க என்னா, அடிச்சுக்கிறாங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது பிராக்டிகல்" என்றாள். "எழுதுற பரீட்சையெல்லாம் முன்னாடியே முடிஞ்சிருச்சு."

வேன் அதை ஏற்றுக்கொண்டது. எம்.ஏ.வுக்கு மேலே என்றால் சும்மாவா என்று பின்சீட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அம்மாவின் விரல்கள் மாலைக்கு அடியில் வந்து என் கழுத்தைத் தடவின. காய்ப்புக் காய்த்த, சொரசொரப்பான விரல்கள்.

"அன்னைக்குக் கழுத்துல பெயில்னியே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ரொம்ப வலிச்சுச்சாடி?"

"வலிச்சுச்சும்மா" என்றேன்.