ஏணை கட்ட இடமில்லாத ரூம்

குழந்தையோடு போய்த் தங்க ஒரு ரூம் பிடிப்பதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்து எங்கள் வீட்டில் சிரிக்காத ஆளில்லை. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்றார் என் கணவர். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எதற்காக இத்தனை பார்க்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அவள் என்னை அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் தெரியாதவள் இல்லை. விழித்ததிலிருந்து தூங்கும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அது என் ஓரகத்திக்குப் போய்ச் சேர்ந்த சொல். ஓரகத்தி என்றால் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவர்களை அக்கா என்பேன், என் மகள் அம்மா என்பாள். என்னைக் கூப்பிட அவளிடம் ஒரு சொல்லும் கிடையாது. ஏதாவது வேண்டுமென்றால் துப்பட்டாவைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான்.

யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் தேவலாம். அதுவும் முடியாது, அதுதான் என் வயிற்றெரிச்சல். அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து அதியமான்கோட்டை வீட்டுக்கு வந்த அன்றைக்கே மாமியார் குழந்தையை வாங்கி அக்கா மடியில் போட்டார். பிள்ளையில்லாதவள் மடியில் பச்சைக் குழந்தையைப் போட்டு, அது வாய் திறந்ததும் அவளை அம்மா என்று கூப்பிடப் பழக்கினால் அவள் வயிறும் திறக்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். "ஊரான் புள்ளய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். நானும் சரி என்றேன். அன்று அக்கா முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் வேறு பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அக்கா வயிறு திறக்கவில்லை. சொல் மட்டும் அவர்களிடமே நின்றுவிட்டது.

பேறுகால லீவு முடிந்து நான் ஓசூர் கம்பெனிக்குத் திரும்பினேன். கம்பெனி பஸ் விடியுமுன் ஹைவேயில் வந்து நிற்கும். நான் கிளம்பும்போது குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருப்பாள். புடவையில் கட்டும் தூளியை எங்கள் பக்கம் ஏணை என்போம். அக்காவுடைய பழைய வாயில் புடவைதான் அவளுக்கு ஏணை. நான் திரும்பி வரும்போது சாப்பிட்டு முடித்து மறுபடி அதிலேயே படுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வருவாள், விருந்தாளியிடம் வருவதுபோல. பொம்மையைக் காட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒரு ஞாயிறு அவளை மடியில் இறுக்கி உட்காரவைத்து, "அம்மா சொல்லு, அம்மா" என்று கெஞ்சினேன். அவள் சமையல்கட்டுப் பக்கம் கையை நீட்டி, "அம்மா அங்க" என்றாள். நான் வழி தெரியாமல் கேட்கிறேன் என்று நினைத்து எனக்கு உதவி செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி கேன்டீனில் கூட வேலை செய்யும் ஒருத்தி, பெங்களூர் ரோட்டில் இருக்கும் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டுக்குக் குடும்பத்தோடு போய்வந்த கதையைச் சொன்னாள். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் குறைப்பட்டுக்கொண்டாள். "ரூமுக்கு ரெண்டு பெரியவங்க, ஒரு சின்னக் கொழந்தை. அதுக்கு மேல ஒரு ஆள உட மாட்டேங்கறாங்க. எங்க மாமியார எவ்வளவு கெஞ்சியும் உடல." அவளுக்கு அது குறை. எனக்கு அது வரமாகக் கேட்டது. எங்கள் வீட்டில் எந்த வண்டியும் காலி சீட்டோடு கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. "வண்டி சும்மாதான போவுது" என்று ஒரு ஆள் ஏறிக்கொள்வது உறுதி. என் வாயால் யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை, ரிசார்ட் சட்டமே சொல்லிவிடும். நான், என் கணவர், என் மகள். இரண்டு நாள் ஒரே ரூமில் இருந்தால் அவள் என்னிடம் வராமல் வேறு யாரிடம் போவாள்?

அதன்பிறகு மதிய இடைவேளை முழுக்க போனும் கையுமாகத்தான் இருந்தேன். மாடி ரூம் வேண்டாம், இவள் கம்பியில் ஏறுவாள். பால்கனி வேண்டவே வேண்டாம். ராட்டினத்துக்குப் பக்கத்து வரிசை வேண்டாம், சத்தத்தில் மிரளுவாள். குளிக்கத் தொட்டி இருந்தால் போதாது, வாளியும் சொம்பும் வேண்டும். ஊற்றிக் குளித்தே பழகியவள். குட்டிக் குழந்தைகளின் குளம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். தரையில் மீன் வரைந்த, கணுக்கால் அளவு தண்ணீர் உள்ள குளம் அது. படத்தில் பார்த்ததிலிருந்து அவள் அதில் நிற்பதுபோலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. கதவுத் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ரிசார்ட்டில் போன் எடுத்த பெண் நல்லவள், எரிந்து விழாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

கடைசியாக, "மேல கொக்கி இருக்குதுங்களா, ஏணை கட்ட?" என்று கேட்டேன்.

"புது பிளாக்ல இல்லைங்க மேடம், எல்லாம் ஃபால்ஸ் சீலிங். பழைய பிளாக்ல ஒரு ரூம்ல ஃபேன் கொக்கி இருக்கு, அத வேணா தரட்டுங்களா?"

"வேணாம். கொக்கி இல்லாததே குடுங்க."

அந்தப் பெண் குழம்பியிருப்பாள். என் கணக்கு எனக்கு. ஏணை கட்டினால் அது அக்கா புடவை, அக்கா வாசனை. கட்ட இடமில்லை என்றால் கட்டிலில் படுத்தாக வேண்டும். கட்டிலில் படுக்கிற குழந்தை யார் மேலாவது கை போட்டுத்தானே தூங்கும்? அந்த ஆள் நானாக இருப்பேன். தூக்கக் கலக்கத்தில் அந்தச் சொல்லும் வந்துவிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கிளம்புகிற அன்று பையை அக்காதான் எடுத்துவைத்தார்கள். ராகி மாவு, நெய், பருப்புப் பொடி, எல்லாவற்றுக்கும் மேலே மடித்த அந்தப் புடவை.

"இது இல்லன்னா தூங்க மாட்டா, கண்ணு."

"அங்க கட்ட எடமில்லைங்க அக்கா."

"எடமில்லாத ரூமா? கேட்டுப் புடிச்சிருக்கலாமில்ல?"

"கேட்டேங்க. இல்லன்னுட்டாங்க."

பொய் சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் நாக்குத் தடுக்கவில்லை. அக்கா புடவையை வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்து மறுபடி மடித்தார்கள். மாமியார் வாசலில் நின்று, "வண்டில எடம் சும்மாதான கெடக்குது, பெரியவளையும் ஏத்திக்கிறது?" என்றார். நான் தயாராக வைத்திருந்த சட்டத்தைச் சொன்னேன். "வுடுங்க அத்தை, அவங்க போயிட்டு வரட்டும்" என்று அக்காவே முடித்துவைத்தார்கள்.

ரூம் நான் கேட்டபடியே இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. தரைத்தளம், வாளி, சொம்பு, எட்டாத தாழ்ப்பாள், நடக்கிற தூரத்தில் மீன் குளம். குழந்தை கட்டிலில் ஏறிக் குதித்தாள், திரைச்சீலைக்குள் ஒளிந்தாள். நான் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் அலைந்தேன். பிறகு குளியலறைக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அப்புறம் என் கணவரிடம் போய், "அம்மா?" என்றாள். தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

குளத்துக்குத் தூக்கிப்போனால் காலை மடக்கிக்கொண்டாள், ஒரு விரல்கூடத் தண்ணீரில் படவில்லை. சோறு எடுத்துப்போனால் வாயை இறுக்கிக்கொண்டாள். அன்று ராத்திரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் அத்தனை பார்த்துப் பிடித்த கட்டிலில் யாரும் படுக்கவில்லை. விடிந்தபோது அவளுக்குக் குரல் கம்மியிருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மேலே தாழ்ப்பாளைப் பார்த்தாள், என் துப்பட்டாவை இழுத்தாள். "அம்மாகிட்ட போலாம்" என்றாள். கோபமே இல்லை. கண்டக்டரிடம் நிறுத்தம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள்.

எனக்குத்தான் கோபம் வந்தது. "நான்தாண்டி ஒன் அம்மா" என்று கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கி, நகர்ந்து நகர்ந்து அவள் அப்பா காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். "அவகிட்ட போயி ஏன் கத்தற? அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரியாமல் இருந்தது எனக்குத்தான். வீட்டுக்கே கிளம்பிவிடலாமா என்றும் கேட்டார். கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒருநாள் முழுக்கச் சாப்பிடாத குழந்தையை வெறும் வயிற்றோடு அவ்வளவு தூரம் தூக்கிப்போக எனக்குத் தைரியம் இல்லை. யார் கையால் சாப்பிடுவாள் என்பதும் தெரியும். போனை எடுத்தேன்.

"அக்கா, பாப்பா அம்மா வேணும்னு அழுவுறா. ஒண்ணும் துன்னல. பஸ் ஏறி வாங்க அக்கா."

"இரு, வர்றேன்" என்று மட்டும் சொன்னார்கள். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார்.

உச்சிவெயிலில் கேட்டுக்கு வெளியே ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கினார்கள். என் இடுப்பிலிருந்த குழந்தை கம்பிக்கு அந்தப் பக்கம் அவர்களைப் பார்த்ததும் தாவினாள். கேட்டைத் திறந்துவிட்ட காவலாளி எங்கள் பக்கத்துப் பாப்பாரப்பட்டிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அக்கா கேட்டோர நிழலில் குந்தி உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்தார்கள். ராகிக் களியும் கீரைக் குழம்பும். குழந்தை பறவைக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது. அக்கா கையைப் பிடித்து உள்ளே இழுக்க ஆரம்பித்தாள். "அம்மா, மீனு. தண்ணி. வா. வா." நேற்று ஒரு விரல்கூட வைக்காத குளத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். இத்தனை நாள் நான் மனதில் பார்த்துக்கொண்டிருந்த அதே குளம்.

காவலாளி குறுக்கே கை வைத்தார். "ரூமுக்கு ரெண்டு பெரியவங்க, ஒரு புள்ளங்க. அதுக்கு மேல உட்டா என் வேலை போயிரும்."

"நான் இங்கயே ஒக்காந்துக்கறங்க" என்றார்கள் அக்கா. குழந்தையிடம், "நீ போயி அவங்களோட வெளயாடு கண்ணு. அம்மா இங்கதான் இருக்கறேன்" என்றார்கள். சொன்ன பிறகு என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். குழந்தை விடவில்லை. இரண்டு கையாலும் அவர்கள் விரலைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். என்னை எதற்காகவும் அவள் அப்படி இழுத்ததில்லை.

ஆசை ஆசையாக நான் கொண்டாடிய சட்டம், என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தது. வந்த அன்று உள்ளே விடும்போது ரிசார்ட்காரர்கள் என் மணிக்கட்டில் கட்டிய பச்சைப் பட்டையை நீட்டினேன்.

"இத வெட்டிட்டு இவங்களுக்கு ஒண்ணு கட்டுங்க. இவங்கதாங்க புள்ளைக்கு அம்மா. பஸ் லேட்டாயிருச்சு. அதுவரைக்கும் நான் பாத்துகிட்டேன்."

பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்தார்கள். "வேணாம் கண்ணு" என்றார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். பிடித்தபடி இருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன். காவலாளி எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. குழந்தையை ஒரு தடவை பார்த்தார், அவருக்கு அது போதுமானதாக இருந்தது. என் பட்டையைக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அக்காவுக்குப் புதிதாக ஒன்று கட்டினார். அவர்கள் மூன்று பேரும் உள்ளே போனார்கள். குழந்தைதான் முன்னால் போனாள், வழி தெரிந்தவளாக. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வெளியே வந்ததும் காவலாளி கேட்டைச் சாத்தினார்.

"அப்ப நீங்க புள்ளைக்கு என்னா வேணுங்க?"

"சித்திங்க."

"சித்தின்னா பாதி அம்மா ஆச்சேங்க" என்று சிரித்தார். "வெயில்ல நிக்காதீங்க, அந்த பெஞ்சுல ஒக்காருங்க."

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.