ஸ்வெட்டர் அக்காவும் படிக்க மறுத்த கேசட்டும்

வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் கம்பளி ஸ்வெட்டரோடு வேலைக்குக் கிளம்புகிற ஒரே ஆள் அந்தத் தெருவில் அவள்தான். பஸ் ஓட்டுகிற கணவருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "எங்களையெல்லாம் அடுப்புல போட்டுட்டு நீ மட்டும் பனிமலைக்குப் போறியா?" என்பார். ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டர் அக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் அவள் இருந்தது சலவைக்கூடத்தில். நீராவி மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் எந்நேரமும் ஏசி குளிர் உறையும் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார்கள். நோயாளிகளின் ஸ்கேன் படங்களைப் பதிந்து வைக்கும் டேப் இயந்திரம் அவள் பொறுப்பு. அதில் போடும் கேசட் பாட்டு கேசட் போல இல்லை. உள்ளங்கையை நிறைக்கும் சதுரப் பெட்டி, உள்ளே ஒரே சக்கரத்தில் சுற்றிய நாடா. இயந்திரத்தின் வாயில் வைத்து லேசாகத் தள்ளினால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். வேலை பிடித்துப்போனது. தனிமைதான் பிடிக்கவில்லை. சலவைக்கூடத்தில் வாய் ஓயாத பேச்சு. இங்கே எதைச் சொன்னாலும் ஏசி மட்டும் உறுமும். பழைய இடத்துக்கே போய்விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு கல்லூரி மாணவியும் அவள் அம்மாவும் வந்தார்கள்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் அந்தப் பெண்ணுக்குச் சற்று வீங்கியிருந்தது. அது வளர்கிறதா, பள்ளியில் மேல்வகுப்பு படித்தபோது இருந்தபடியே நிற்கிறதா என்று தெரிந்தால்தான் அறுவை சிகிச்சையா இல்லையா என்று முடிவெடுக்க முடியும் என்றார் இதய டாக்டரம்மா. அப்போது எடுத்த ஸ்கேன் இருந்தது கேசட்டில் மட்டும்.

அக்கா அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தாள். தவறியும் மேலே எதுவும் பதிந்துவிடாதபடி ஓரத்துத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு உள்ளே கொடுத்தாள். இயந்திரம் நாடாவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தது. படிக்க முடியவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் கேசட்டைப் போட்டு எடுத்தாள். மறுபடியும் சிவப்பு. கம்ப்யூட்டர் பொறியாளரும் வந்து முயன்றுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய கட்டடத்துல இன்னொரு காப்பி இருக்கணுமே சார்?"

"இருக்கு. ஆனா அங்க ஏசி கிடையாதுக்கா, கொதிக்குமே."

அக்கா போய் எடுத்து வந்தபோது கேசட் சுடச்சுட இருந்தது. டாக்டரம்மா போனில் அவசரப்படுத்தினார். "இன்னிக்கே கிடைக்காதா?"

"சூட்டோட போட்டா நாடா மக்கர் பண்ணும், டாக்டரம்மா. நாளைக்குவரை இந்தக் குளிர்ல பழகட்டும். அவசரப்பட்டா இருக்கிறதும் போயிடும்."

"சரிம்மா, நாளைக்கே பார்ப்போம். அவசரப்பட்டு நெஞ்சைத் திறக்க எனக்கு மட்டும் ஆசையா என்ன?"

வெளியே பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"கண்டிப்பா கிடைச்சிடுமா?" என்றாள் அம்மா.

"பொய் சொல்ல மாட்டேங்க. போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"என் நெஞ்சு உங்க பெட்டிக்குள்ளயா அக்கா இருக்கு?" என்று மகள் சிரித்தாள்.

"ஆமாடி, கீழே போடாம பத்திரமா வச்சிருக்கேன்."

மறுநாள் காலை கேசட் கை வைத்தால் ஜில்லென்றிருந்தது. உள்ளே தள்ளினாள். இந்த முறை திக்கல் திணறல் எதுவும் இல்லை. ஒரே சீராக ஓடும் சத்தம். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோதுதான் மூச்சையே விட்டாள்.

டாக்டரம்மா பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து அளந்தார். "ஸ்கூல்ல படிக்கிறப்ப இருந்த அதே அளவுதான். துளிகூடப் பெருசாகலை. இப்போதைக்குக் கத்தியே வேண்டாம், வருஷா வருஷம் பார்த்துக்கலாம்."

அம்மா ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, கை இப்படி விறைச்சுப் போயிருக்கு!" என்று அழுதுகொண்டே அவற்றைத் தேய்த்துச் சூடாக்கினாள்.

அதன்பின் அக்கா இடமாற்றம் கேட்கவில்லை. பொறியாளரிடம் வேறொன்று கேட்டாள்: "படிக்காத கேசட் இது ஒண்ணுதானா சார்? யாராவது வந்து நிக்கிறவரைக்கும் நாம காத்திருக்கணுமா?" அவர் மேலே பேசி அனுமதி வாங்கினார். துணைக்கு இன்னொரு ஆளும் வந்தார். ஏசியையே தோற்கடிக்கும் பேச்சுக்காரர். இப்போது இருவரும் பழைய கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள். பெரும்பாலானவை நன்றாகவே படிக்கின்றன. முரண்டு பிடிப்பவற்றுக்கு மற்ற பிரதியிலிருந்து புதுக் கேசட் பதிவாகிறது.