சிகரெட் வரியில் வாங்கிய கவச வண்டி

அவர் மலாயாவில் சிரம்பான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய மீசை, வாயில் எப்போதும் சிகரெட். வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போடப் பணம் வேண்டுமென்று சர்க்கார் சிகரெட் மேல் வரியை ஏற்றியது. எல்லாரும் புலம்பினார்கள். அவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னைவிட அதிகமாகப் புகைத்தார்.

ஒரு நாள் காலை, பட்டாளத்தின் கவச வண்டி தோட்டத்துச் சேற்றில் புதைந்துவிட்டது. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் ஆட்களைத் தள்ளச் சொல்லிக் கத்தினான். அவர் தள்ளாமல் வண்டியைச் சுற்றி வந்து சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். சிப்பாயின் கை துப்பாக்கிக்குப் போனது.

நான் அங்கே கணக்கு எழுதும் சின்னக் கிராணி. ஆபீஸ் வேலையில் கொஞ்சம் இங்கிலீஷ் பழகியவன். "அண்ணே, சுட்டுடப் போறான், தள்ளுங்க!" என்றேன்.

"இது என் சிகரெட் வரியில வாங்குன வண்டி ஐயா. ஓட்டத் தெரியாதவன்கிட்ட இதை யாரு குடுத்தான்னு கேளுங்க லா."

அப்படியே மொழிபெயர்த்தேன். சிப்பாய் திருதிருவென்று விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தன் சிகரெட் ஒன்றை நீட்டினான். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பட்டாளத்துச் சிகரெட்டுக்கு வரி கிடையாது ஐயா. அதைப் புடிச்சா, தோட்டாவுக்குக் காசு யாரு குடுக்குறது?"

சொந்தச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவரும் தோள் கொடுத்தார். வண்டி அசைந்ததும், "மெதுவாடா, வண்டிச் சாயம் உரிஞ்சிடும்!" என்று மற்றவர்களை அதட்டினார்.

கேலி செய்தாரா, உண்மையாகவே நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியவர்போல, வண்டி மறையும்வரை கண்கலங்கப் பார்த்துக்கொண்டு நின்றார்.