எட்டுப் பேரும் கூடுகிற நாள்

எங்கள் காம்பவுண்டில் கீழே நாலு வீடு, மாடியில் நாலு. பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றை எட்டுக் குடும்பம் கூடி வாங்கித் தடுத்துக் கட்டியது. கிணறும் முற்றமும் மாடிக்குப் போகும் இரும்புப் படியும் பொது. பொதுவில் கை வைக்க, எட்டு வீட்டு ஆண்களும் நேரில் உட்கார்ந்து சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டதே என் அப்பாதான். கொழும்புக்கு ஓடும் தோணிக்குத் தண்டல், அதாவது தலைவர், அவர். ஒருமுறை அவர் கடலில் இருந்தபோது மற்றவர்கள் கூடி, மாடியில் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே கக்கூஸைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்து அவர் ஆடிய ஆட்டத்தில் பிறந்த சட்டம் அது. "கடல்ல கெடக்கவனுக்கும் வீட்டுல ஒரு சொல்லு உண்டுலே" என்றார். குறை சொல்ல முடியாத சட்டம்தான்.

உப்புக்காற்று இரும்பை விடுமா? எழுபதுகளின் நடுவில் படி பொரிந்து உதிர ஆரம்பித்தது. ஒவ்வொருவராக, சுவரோரமாகக் கால் வைத்து ஏறி இறங்கினோம். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாற்காலியில் வைத்து இரண்டு பேர் தூக்கினால்தான் இறக்க முடியும். மூன்று பேர் கனத்தைப் படி தாங்காது.

"ஒரே ஒரு தரம் கடக்கரைக்குக் கொண்டு போலே" என்பார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் காம்பவுண்டு செக்ரட்டரி. பெயர்தான் பெரிய பெயர். கூட்டம் போட்டால் ஒருவர் கப்பலில் இருப்பார். அவர் வந்தால் இன்னொருவர் தோணி ஏறியிருப்பார். போதாக்குறைக்குக் கீழ்வீட்டுக்காரர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். "அவரு வரட்டும் அண்ணாச்சி. ஆளில்லாம படியைப் பிரிச்சா வந்து சண்டைக்கு நிப்பாரு" என்றார்கள். என் செலவில் நானே புதுப் படி கட்டித் தருகிறேன் என்றேன். "இன்னைக்குக் கட்டுவீரு, நாளைக்குப் படி என்னதுன்னு சொல்லுவீரு" என்றார் ஒருவர்.

கடைசியில் அப்பாவிடமே போனேன். "நீங்க போட்ட சட்டம்தானே, நீங்களே வேண்டாம்னு சொல்லுங்கப்பா."

"எனக்குன்னு வந்ததும் மாத்துனா அது சட்டமாலே?"

"அப்போ கயிறு கட்டி எறக்கவா?"

"நான் என்ன மூட்டையா?" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மேல் வந்த கோபம் எனக்கு மற்ற ஏழு வீட்டார் மேல்கூட வரவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊருக்கு வருவதாகத் தெரிந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு கூட்டத்துக்கு நாள் குறித்தேன். துபாய்க்காரர் வந்து இறங்கிய மறுநாள் காலையில் அப்பா இறந்துபோனார்.

சவப்பெட்டியைப் படி தாங்காது. தோணியில் சரக்கு இறக்கும் கப்பியையும் கயிற்றையும் கொண்டுவந்து மாடி உத்திரத்தில் கட்டினார்கள். என்னோடு சேர்த்து எட்டு வீட்டு ஆண்களும் கயிற்றைப் பிடித்தோம். மூட்டையை இறக்குவது மாதிரியேதான் அப்பாவை இறக்கினோம். பெட்டி தரையைத் தொட்டதும் எனக்கு வாய் அடங்கவில்லை.

"எட்டுப் பேரும் இருக்கோம். இப்பவே பேசி முடிச்சிருவோம்."

"துட்டி வீட்டுல கூட்டமா? நல்லாவா இருக்கும்? முப்பதாம் நாள் பூசை முடியட்டும்" என்றார்கள்.

பூசைக்கு என்னையும் சேர்த்து ஆறு பேர்தான் இருந்தோம். இரண்டு பேர் கப்பல் ஏறிவிட்டார்கள். கோயிலிலிருந்து திரும்பியதும், கப்பியையாவது அவிழ்த்துவிடலாம் என்று உத்திரத்தின் பக்கம் போனேன். அம்மா சுவரோரமாக ஒவ்வொரு படியாகக் கால் வைத்து மேலே வந்துகொண்டிருந்தாள்.

"அது கெடக்கட்டும்லே" என்றாள். "எனக்கும் வேணும்லா."