புள்ளி டீச்சரின் முப்பத்தெட்டு வாழ்க்கைகள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் புள்ளி டீச்சர். கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதும்போது ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மறுபடி எழுத வைப்பார். "போர்டுல என்ன இருக்கோ அதுதான் நோட்டுல இருக்கணும்." இருபத்தாறு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்குத் தொண்டை போய்விட்டது என்று நாலாம் வகுப்பு டீச்சர் கேலி செய்வார். தொண்டை போனது என்னவோ உண்மை. மதியத்துக்கு மேல் குரல் கம்மிவிடும். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு வார் தடம் பதிந்திருக்கும். வீட்டுக்குப் போனால் கணவரிடம் கைச்சாடைதான். அவர் பாதியைப் புரிந்துகொண்டு மீதிக்குத் தலையாட்டி வைப்பாராம்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் நூலக அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. புள்ளி டீச்சர் மூன்றே வரியில் ஒரு விண்ணப்பம் எழுதி, அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் மேசைமீது வைத்தார். வகுப்பு வேண்டாம், நூலகம் போதும். தலைமை ஆசிரியை அதைப் படித்துவிட்டு, வருடக் கடைசியில் பெற்றோர் வரும் நாள் நல்லபடியாக முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அன்று ஒவ்வொரு வகுப்பும் ஒரு சுவரை நிரப்ப வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு விழுந்தது வாழ்க்கை வரலாறு. பெரிய மனிதர்களின் கதைகளைப் படித்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் சொந்தக் கதையைப் பத்து வரியில் எழுத வேண்டும்.

படிக்கக் கொடுத்தவை எல்லாம் ஒல்லிப் புத்தகங்கள். அவற்றில் எல்லோரும் ஏழை வீட்டில் பிறந்தார்கள், மங்கிய விளக்கில் படித்தார்கள், கடைசிப் பக்கத்தில் இறந்துபோனார்கள். முதல் பெஞ்சுப் பையன் எழுந்து கேட்டான்.

"நாங்க இன்னும் சாகலையே டீச்சர். எப்படி எழுதறது?"

விளக்கிச் சொல்லக் குரலில் தெம்பு இல்லை. உயிரோடு இருக்கும்போதே எழுதலாம் என்று காட்டுவதற்காக டீச்சர் தன் கதையையே பலகையில் எழுதிப் போட்டார். நான் ஒரு தையல்காரரின் மூத்த மகள். எனக்கு இரண்டு தம்பிகள். இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். என் மகன் வேலைக்குப் போகிறான். சாயங்காலம் எனக்குக் கால் வலிக்கும். சத்தம் இல்லாத அறை எனக்குப் பிடிக்கும். இப்படிப் பத்து வரி. இதே மாதிரி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தார். திரும்பிப் போனபோது வகுப்பில் சத்தமே இல்லை, குனிந்த தலைகள்தான். அதில் அவருக்குச் சந்தோஷம்கூட.

மறுநாள் மதிய இடைவேளையில் நோட்டுகளைப் பிரித்தார். தையல்காரருக்கு முப்பத்தெட்டு மூத்த மகள்கள். பையன்களும் மகள்தான். சாகவில்லையே என்று கேட்டவனுக்கு இருபத்தாறு வருட அனுபவம், சம்பாதிக்கும் மகன் வேறு. நாலாம் வகுப்பு டீச்சர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தார்.

"ஒரு புள்ளிகூட விட்டுப்போகல பாருங்கக்கா. எல்லாருக்கும் நூத்துக்கு நூறு போட்டுடுங்க."

புள்ளி டீச்சர் சிரிக்கவில்லை. தன் கால்வலியை முப்பத்தெட்டுக் கையெழுத்தில் படித்துக்கொண்டே போனார். முப்பத்தேழுதான் இருந்தது. ஒரு நோட்டில் மட்டும் அந்த வரி இல்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஏன் விட்டாய் என்று கேட்டார்.

"எனக்குக் கால் வலிக்காதே டீச்சர்."

"பின்ன எதுதான் வலிக்கும்?"

"பல்லு. இந்தப் பக்கம். அப்பா வேலைல இருந்து சீக்கிரம் வந்தா வலிக்காது."

டீச்சர் எழுந்து போய்ப் பலகையை அழித்தார். பெற்றோர் வர இரண்டு நாள்தான் இருந்தது. பலகையில் எதை எழுதினாலும் அது அப்படியே நோட்டில் வந்து விழும் என்பதால் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் நிறுத்தி, ராத்திரி யார் பக்கத்தில் தூங்குவாய், எதற்குப் பயப்படுவாய், வீட்டில் முதலில் எழுவது யார் என்று கேட்டுக் கேட்டு, சொன்னதைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். பேச மாட்டேன் என்று நின்றவர்களிடம் இரண்டு தடவை, மூன்று தடவை. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று ஒருவன் சாதித்தான். அதையே எழுதச் சொன்னார். இரண்டாம் நாள் சாயங்காலம் அவரிடம் குரல் என்று எதுவும் மிச்சமில்லை.

சுவரில் இருந்தவை இப்படிப்பட்ட வரிகள். தம்பி பிறந்ததிலிருந்து நான் சுவர் ஓரமாகப் படுக்கிறேன். அப்பா லாரியில் போய் வந்ததும் முதலில் என் உயரத்தை அளப்பார். அம்மா அழுதால் நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். எனக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

மற்றச் சுவர்களை நடந்தபடியே பார்த்தவர்கள் அங்கே வந்ததும் நின்றார்கள். லாரிக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு மனைவியைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார். ரேடியோ வரியை எழுதியவனின் அம்மா குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி அதன் முன்னால் நின்றார். புள்ளி டீச்சர் கதவில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த நாள் தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். விண்ணப்பம் மேசைமேல் இருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு சுவர் முன்னாடி ஜனங்க இவ்வளவு நேரம் நின்னு நான் பாத்ததில்ல. உங்களைப் போய் படிக்கட்டுக்குக் கீழ உக்கார வைக்கச் சொல்றீங்களே டீச்சர்."

"உக்காரணும்னுதான் மேடம் கேட்டேன்."

குரல் காற்றாகத்தான் வந்தது. வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துத் தலைமை ஆசிரியை சிரித்தார். அடுத்த வருடம் நாலாம் வகுப்புக்கும் இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நூலக வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வருகிறாராம்.

வெளியே வந்த டீச்சரிடம் அடுத்த வருட மூன்றாம் வகுப்பின் பட்டியலை நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்தொரு பேர். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, விரலை ஒவ்வொரு பெயராக நகர்த்தினார். பாதியில் விரல் நின்றது.

"இவளோட அண்ணன் என்கிட்ட படிச்சவன்தானே? வாயே திறக்க மாட்டான்."

ஆமாம் என்றேன்.

"இவ எப்படி?"

"இவளுக்கு வாய் ஓயாதுங்க டீச்சர்."

"அப்பாடா, ஒரு தடவை கேட்டா போதும்," என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார்.