வாசலில் தொங்கிய அரிசி

சூனியத்தை நான் நம்புவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லுவேன். கேளாதவர்களிடமும் சொல்லுவேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள் நான். கோயில் மாதர் சங்கத்தில் வேறு இருந்தேன். எனக்கு எதற்குச் செய்வினைப் பயம்? ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம், மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் நான் செய்த வேலையை நினைத்தால், இன்றைக்கும் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியாது.

மூன்று மாடிக் கட்டடம். நாங்கள் இரண்டாம் மாடி. எங்களுக்கு நேர் மேலே அந்தப் பனிக்காலம் ஒரு இந்தோனேசியப் பெண் குடிவந்தாள். நகரின் மறுகோடியில், பியர்பொன்ட்ஸில் ஒரு பெரிய வீட்டில் இரண்டு வருடம் தங்கியிருந்து பிள்ளை பார்த்தவள். அந்தத் தவணை முடிந்து, நிரந்தரமாக இருக்கக் கடதாசி கிடைத்து, முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வீடு எடுத்திருந்தாள். வேலைக்கு இப்போதும் அங்கேதான் பஸ் ஏறிப் போவாள். பத்து வயது மகள் ஜாவாவில், கிராமத்தில், தங்கையோடு இருந்தாள். மகளைக் கூப்பிடுவதற்காகத்தான் இந்த வீடே. பிள்ளை வர இன்னும் மாதங்கள் இருக்க, கட்டில் வாங்கி, ரோஸ் நிற விரிப்பும் விரித்து வைத்திருந்தாள்.

அவளை நான் சந்திப்பது நிலவறையில், உடுப்புத் தோய்க்கிற மெஷினடியில். என் பிரெஞ்சு எட்டு மாத வகுப்பில் படித்தது. அவளுடையது எசமானி வீட்டுக் குசினியில் பொறுக்கியது. இரண்டும் நொண்டி. ஆனாலும் மெஷின் சுற்றி முடிகிற வரைக்கும் கதை ஓயாது. என்னைத் தன் பாஷையில் அக்கா என்று கூப்பிடுவாள். அவள் சொன்னதையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

"எங்கட ஊரிலை ஆரும் கதவு பூட்டுறேல்லை அக்கா" என்றாள் ஒருநாள்.

நான் சிரித்துவிட்டேன். சண்டைக்குப் பயந்து பூட்டிவிட்டு வந்த வீட்டில் கூரை ஓடும் கதவு நிலையும் களவு போய்விட்டது என்று கேள்விப்பட்ட ஊர்க்காரி நான்.

"அப்ப கள்ளர் வாறேல்லையோ?"

"வந்தவங்கள். ஒருக்கா எருமையைக் கொண்டுபோனவங்கள். மூங்கில் குழாயிலை தட்டினவுடனை ஊரே எழும்பி வந்திட்டுது. எருமையை வாய்க்காலுக்கை விட்டிட்டு ஓடிட்டாங்கள்."

களவுக்கு ஒரு தட்டு, நெருப்புக்கு ஒரு தட்டு, சாவுக்கு ஒரு தட்டு என்று மெஷின் மூடியில் விரலால் தட்டிக் காட்டினாள். விடுகிறாள் கதை என்று நினைத்துக்கொண்டு உடுப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, நாங்கள் பூசையில் இருந்த நேரம், எங்கள் கதவை உடைத்துவிட்டார்கள். பட்டப்பகல். டிவி போனது, போகட்டும். என் கலியாணக் காப்பு நாலும் போனது. அடுத்த நாள் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள கிடங்கில் பெட்டி விழுந்து என் புருஷனுக்குக் கால் விரல் நசிந்தது. செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். பட்ட காலிலே படும் என்பது பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

புதன்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். அழுத முகத்தோடு ஒருவருக்கும் கதவு திறக்க மனமில்லை. சத்தம் காட்டாமல் இருந்தேன். ஆள் போனபிறகு திறந்து பார்த்தால், கைபிடியில் ஒரு யோகட் கப் தொங்குகிறது. சிவப்பு நூலால் கட்டி, உள்ளே ஒரு பிடி பச்சை அரிசி.

"இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!"

அவர் காலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்தார். "அரிசி. அதுக்கென்ன?"

"சிவப்பு நூலப்பா! வாசல்லை அரிசியும் நூலும்! ஆரோ செய்து வைச்சிருக்கினம்."

"உமக்கு விசரே? கனடாவிலை வந்து ஆர் உமக்குச் சூனியம் வைக்கப்போகினம்?"

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார். நான் கையால் தொடாமல் குறட்டால் பிடித்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த ஆசீர்வதித்த தண்ணீரைத் தெளித்து, தெருக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஞாயிறு பூசை, புதன் சூனியம். நல்ல கிறிஸ்தவள்தான் நான்!

பிறகு படியில் ஏறி எட்டிப் பார்த்தேன். மேல்வீட்டுக்காரியின் கதவிலும் அதேமாதிரி ஒரு கப். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் வீட்டுப் பீடையை என் வீட்டுக்குக் கடத்துகிறாள். மூங்கிலில் தட்டுகிற ஊர்க்காரி, அவளுக்குத் தெரியாத மந்திரமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கதவைத் தட்டி "உது என்ன பிள்ளை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கதவடியில்தான் நின்றேன். கேட்கவில்லை.

வியாழன் இன்னொரு கப் தொங்கியது. வெள்ளியும். வெள்ளிக்கிழமை கட்டடத்துச் சொந்தக்காரருக்குப் போன் எடுத்தேன்.

சூனியம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? சிரித்திருப்பார். அதனால் கரப்பான் பூச்சி என்றேன். மேலே இருக்கிற பெண் நடைபாதையில் அரிசி வைக்கிறாள், கரப்பான் வருகிறது, எலியும் வரப்போகிறது. அந்தக் கட்டடத்தில் கரப்பான் எங்களுக்கு முன்னமே குடியிருந்தது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதிக் கையெழுத்து வைத்துத் தா, இன்னும் இரண்டு பேரிடமும் வாங்கு என்றார். அவருக்கு அந்த வீட்டை வாடகை கூட்டிக் கொடுக்க ஒரு சாட்டு தேவைப்பட்டிருக்க வேண்டும். நான் நல்ல பிரெஞ்சில், அகராதி பார்த்து, பிழையில்லாமல் எழுதினேன். கீழ்வீட்டுக்காரர் இருவரிடமும் நானே போய்க் கையெழுத்து வாங்கினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பத்து நாள் கழித்து அவள் வந்து தட்டினாள். இந்த முறை திறந்தேன். கையில் ஒரு கடிதம்.

"அக்கா, உங்கட பிரெஞ்சு நல்லது. இதை வாசிச்சுச் சொல்லுங்கோ. நான் என்ன பிழை செய்தனான் எண்டு எனக்கு விளங்கேல்லை."

உணவுப் பொருளால் பூச்சி, மூன்று குடியிருப்பாளரின் எழுத்து மூல முறைப்பாடு, ஜூன் முடிய வீட்டைக் காலி செய்யவும். வாசித்துச் சொன்னேன். முறைப்பாடு செய்தவர்களின் பெயர் அதில் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்ததே, அந்த மூச்சைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"அந்த அரிசி ஏன் வைச்சனீர்?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய நாளில் கேளாத கேள்வி.

அவள் சொன்னாள். அவர்கள் ஊரில் பொழுதுபட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னத் தகரப் பேணி தொங்குமாம். அதில் ஒரு பிடி அரிசி. முறைவைத்துக் காவலுக்குச் சுற்றி வருகிற ஆட்கள் அதைக் கொட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். சேருகிற அரிசி ஊரில் உள்ள ஏழைகளுக்குப் போகும். ஆனால் காரியம் அரிசி இல்லையாம். ஒரு வாசலில் பேணி வெறுமையாக இருந்தால் கதவைத் தட்டுவார்களாம். காய்ச்சல் வருத்தமோ, அரிசி இல்லையோ, உள்ளே ஆருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று கேட்க.

"மாசியிலை நான் மூண்டு நாள் காய்ச்சலிலை கிடந்தனான். தண்ணி எடுத்துக் குடிக்க எழும்பேலாமல். ஒருத்தரும் தட்டேல்லை" என்றாள். "பேந்து உங்கட வீட்டிலையும் களவு போச்சுது. நாங்கள் ரெண்டு வீடாவது துவங்குவம் எண்டு நினைச்சன். உங்கட கப் ஒவ்வொரு நாளும் காணாமல் போக, நீங்கள் எடுத்துக்கொண்டீங்கள் எண்டு சந்தோஷப்பட்டன்."

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன்.

"அவர் எழுதினால் நான் போகத்தான் வேணுமோ அக்கா?"

போகத் தேவையில்லை. பிரெஞ்சு வகுப்பில் ரீச்சர் ஒரு கிழமை முழுக்க இதைத்தான் படிப்பித்தார். ஒரு கடிதத்தை நீட்டி ஒருவரையும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது, வாடகைத் தகராறு பார்க்கிற அலுவலகத்துக்குப் போய் எதிர்க்கலாம் என்று. ஆனால் அங்கே போனால் முறைப்பாட்டை மேசையில் வைப்பார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

"ஓம்" என்றேன். "போகத்தான் வேணும்."

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் புருஷனிடம் சொல்லி அழுதேன். "போய்ச் சொல்லும். இப்பவே போய்ச் சொல்லும்" என்றார். "பேந்து சொல்லுறன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்தாள். மகளுக்கு ஒரு அறை, கிட்டவே பள்ளிக்கூடம். அவளைப் பற்றி விசாரிக்க அந்த வீட்டுச் சொந்தக்காரர் ஒரு ஆளின் நம்பர் கேட்டபோது என்னுடையதைக் கொடுத்திருக்கிறாள். வேறு யாரைத் தெரியும் அவளுக்கு? அவர் எனக்குப் போன் எடுத்தார். ஆள் எப்படி என்றார். நல்ல பிள்ளை, துப்புரவு, சத்தமில்லை என்றேன்.

"அப்படியானால் ஏன் அவளை எழுப்புகிறார்கள்?"

அதுதான் கடவுள் எனக்குத் தந்த இடம். நான் எழுதியது பொய், குற்றம் என்னுடையது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. முன்பின் முகம் பாராத ஒரு மனிதரிடம், போனில்.

"தெரியாது" என்றேன்.

வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜூன் கடைசி நாள், எல்லாருக்கும் வாடகைத் தவணை முடிகிற நாள், தெருவெல்லாம் மெத்தையும் பிரிட்ஜுமாக மொன்றியலே வீடு மாறிக்கொண்டிருக்க, பியர்பொன்ட்ஸ் எசமானியின் வான் வந்தது. திரும்பவும் அந்த வீட்டு நிலவறை அறைக்கே போகிறாள். அங்கே மகளை வைத்திருக்க விடமாட்டார்கள். பிள்ளையின் வரவு இன்னும் ஒரு வருடமாவது பிந்தும் என்றாள். கட்டிலுக்கு வானில் இடமில்லை. தெருவோரம் விட்டாள்.

ஏறுவதற்கு முதல் என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்தாள்.

"அந்த வீடு கிடைக்காதது உங்கட பிழையில்லை அக்கா. நீங்கள் என்னைப் பற்றி நல்லாத்தான் சொல்லியிருப்பீங்கள். எனக்குத் தெரியும்."

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.