ஆவியக்காவுக்கு ஏசி அறை கிடைத்த கதை

ஏசி அறையில் உட்காரச் சொன்னதற்காக மேலாளரோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள், அநேகமாக உலகத்திலேயே ஆவியக்காதான். தையல் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நின்றவர்; அந்த ஆவியால் வந்த பெயர்தான் அது. அவர் மடிப்பு எடுத்தால் சட்டை மேல் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கி விழும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் விரல்கள் நிறம் மாற ஆரம்பித்தன. ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெள்ளை, கொஞ்ச நேரத்தில் நீலம், அப்புறம் சிவப்பு. பிறகு தோல் இறுகி விரல் மடங்க மறுத்தது. வாய் சுருங்கி, பெரிய கரண்டி உள்ளே போகாமல் போனது. டாக்டர் ஸ்க்ளீரோடெர்மா என்றார். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லவே ஆவியக்காவுக்கு ஒரு வாரம் ஆனது.

அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். நாத்தனார் ஒருத்தி மட்டும் நாளைக்கு நாற்பது செய்தி அனுப்பினாள்.

"அண்ணி, பாத்தீங்களா? குளிர்ச்சியா இருக்கணுமாம்."

"அது வேர்க்குருவுக்குச் சொன்னதும்மா."

"ரெண்டும் தோல்தானே அண்ணி?"

ஆவியக்கா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

நம்பும்படி வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி நர்ஸ் நடத்தும் நோயாளிகள் குழுவின் நாலு பக்கத் தாள். மாசம் ஒரு தடவை வரும். கையுறை போடு, ரத்த அழுத்தம் பார், யாரோ அனுப்பியதை விழுங்காதே என்றெல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில், வேலை செய்யும் இடத்தில் காட்ட ஒரு கடிதம். போன வருஷம் குளிரில் விரல் நுனியில் வந்த புண் ஆற ஐந்து மாசம் ஆனது. இன்னொன்று வந்தால் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் முன்னெச்சரிக்கையாக அந்தக் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்தார்.

மேலாளர் இளகின மனசுக்காரர். 'இவருக்குக் கடுமையான தோல் நோய்' என்ற முதல் வரியிலேயே கண் கலங்கி, தாளை மடித்து டிராயரில் போட்டார். "இனிமே அந்தச் சூட்டுல நிக்க வேணாம்மா. ஏசி ரூம்ல உக்காந்து பட்டன் தரம் பிரிங்க."

கம்பெனியே பொறாமையில் வெந்தது. ஆவியக்கா மட்டும் விறைத்தார். இருந்த ஒரே கதகதப்பான இடத்தையும் பிடுங்கிவிட்டார்களே.

இரண்டாம் நாள் மேலாளரிடம் போனார். "சார், ஏசி வேணாம்."

"கூச்சப்படாதீங்கம்மா. உழைச்சது போதும்."

"கூச்சம் இல்ல சார், குளிருது."

"போர்வை தரச் சொல்றேன்."

"ஏசியை நிறுத்திட்டா போர்வையே வேணாமே சார்."

"ஐயோ, கம்ப்யூட்டர் சூடாயிடும்."

"அதுக்கு வர்ற கவலை எனக்கு வரலையே சார்."

மேலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். போர்வை மட்டும் வந்தது, இரண்டு.

நாலாம் நாள், பழைய புண் இருந்த இடத்தில் தோல் வெடித்திருந்தது. ஆவியக்கா நேராக மேலாளர் அறைக்குள் போனார்.

"அந்தக் காயிதத்த எடுங்க சார். ரெண்டாவது வரி படிங்க."

மேலாளர் டிராயரையே கவிழ்த்துத் தேடினார். அங்கேயும் ஏசி ஐஸ் மாதிரி காற்றை வீசிக்கொண்டிருந்தது. தாள் கிடைப்பதற்குள் ஆவியக்காவின் விரல்கள் சுண்ணாம்பு நிறமாகிவிட்டன.

"குளிர்ந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டாம்," என்று மேலாளர் படித்தார். நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். எழுந்து போய் ஏசியை அணைத்தார்.

"இஸ்திரிக்கு வேற ஆளப் போட்டுட்டேனேம்மா," என்றார் மெதுவாக.

"கேட்டுப் பாருங்க சார்."

கேட்டார். இஸ்திரி மேசையில் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்த பெண், கேள்வி முடிவதற்குள் பட்டன் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

வெடிப்புக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போன ஆவியக்கா, நர்ஸிடம் கொட்டித் தீர்த்தார்.

"அந்தக் கடிதத்த மாத்துங்க சிஸ்டர். குளிர் ஆகாதுங்கறத முதல் வரியிலயே பெரிய எழுத்துல போடுங்க. நோய்னு ஆரம்பிச்சா அழ ஆரம்பிச்சுடறாங்க. ரெண்டாவது வரிக்கு யாரும் வர்றதே இல்ல."

நர்ஸ் பேனாவை எடுத்தார்.